எதிரொலிக்குப் பேரில்லை

பாலகுமார் சொன்ன வெள்ளிக்கிழமை வந்தேவிட்டது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கும் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கும் இரண்டு வார்த்தை. நீலகிரியில் பிக்கட்டிக்குக் கீழே இருக்கும் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பிரிவில் வேலை பார்க்கிறாள் இந்துமதி. வயது முப்பத்து நான்கு. அப்பா ராஜரத்தினம் அதே ஃபேக்டரியில் ராத்திரி வாட்ச்மேன். சின்னப் பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அம்மா தெய்வம்மா இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. தம்பி பாலகுமார் சென்னையில் பாட்டுக்கு இசையமைக்கிறான். அக்கா வேலைக்கு நடுவே முணுமுணுத்த ஒரு மெட்டை எடுத்து வளர்த்து, அவளையே பாடவும் வைத்து, 'ஆறேமுக்கா பஸ்ஸு' என்று பெயரும் வைத்தான். ஒரு மியூசிக் கம்பெனி அதை வாங்கியது; அவனுக்கு வெளிவரும் முதல் பாட்டு. "உன் குரல்தான்க்கா வரும், பேசிட்டேன்" என்று சொன்னதோடு போன வாரம் போனை வைத்தவன், அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

காலை எட்டு மணிக்குப் பாட்டு வெளியாகும் என்று கம்பெனி அறிவித்திருந்தது. ஏழரைக்கே ராஜரத்தினம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி வேலை முடிந்து நேராக வந்தவர், குல்லாயைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க, தூங்கப் போகலீங்களா?" என்றார் கடைக்காரர் ஆறுக்குட்டி.

"எங்குட்டுத் தூங்குறது? எம் புள்ள பாட்டு வருது இன்னைக்கு. ஒன் போனுல அந்தப் பெரிய சத்தம் வருமே, அதுல போடு."

"வந்ததும் போடறனுங்க. ஊரே கேக்கட்டும்."

இந்துமதி ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடை ஓரமாக நின்றாள். எதிரே இருந்த முட்டைக்கோஸ் தோட்டம் பனிமூட்டத்தில் இல்லாமலே போயிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டு பேர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆறுக்குட்டி போனை ஸ்பீக்கரோடு இணைத்தார். கிட்டார் வந்தது. பஸ் ஹார்ன் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு குரல்.

*ஆறேமுக்கா பஸ்ஸு போயிருச்சு
அடுத்த வளைவுல மறைஞ்சிருச்சு*

அழகான குரல். பட்டுத் துணியில் கை வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற குரல்.

அவளுடையது இல்லை.

ராஜரத்தினம் காதைச் சாய்த்துக் கேட்டார். டீயை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்.

"என்னா புள்ள, இது ஒன் கொரல் இல்லியே."

"கொஞ்சம் மாத்தியிருப்பாங்கப்பா."

"மாத்துறதுன்னா? ஆளையே மாத்திப்புட்டாய்ங்களே."

ஆறுக்குட்டி திரையைப் பார்த்தார். "பாடியவர் லோயிஸ்னு போட்டிருக்குதுங்க. இசை, மெட்டு, எல்லாம் பாலகுமாருங்க. நம்ம பையன் பேரு பெருசா வந்திருக்குதுங்க!" என்று, யாருக்காவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தவர்போலச் சொன்னார்.

ராஜரத்தினம் குல்லாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நேற்று வரை பிக்கட்டி முழுக்கச் சொல்லி வைத்தவர் அவர். மகளின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, காலனிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"அப்பா, டீ?"

அவர் திரும்பவில்லை. பனி அவரை நாலே எட்டில் எடுத்துக்கொண்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்ஃபோனைச் செருகினாள் இந்துமதி. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள். பாட்டு கடைசி வரிக்கு வந்தது.

*நீ ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா
நடந்தாச்சும் வந்திருப்பேனே...*

லோயிஸ் 'வந்திருப்பேனே'யைச் சட்டென்று முடித்துவிட்டாள். ஆனால் வார்த்தை முடியவில்லை. அவளுக்குப் பின்னால், வெகு தூரத்திலிருந்து, வேறொரு குரல் அந்த 'னே'யை இழுத்துக்கொண்டே போனது. ஒரு மூச்சு, இன்னும் அரை மூச்சு, பிறகு மெல்ல நடுங்கிக் கரைந்தது.

இந்துமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரும்பப் போட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

அது அவள்.

இது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பாட்டு பதிவான ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேண்டும்.

பறித்த கொழுந்தை உடனே அரைக்க முடியாது. அதிலிருக்கும் ஈரம் பாதியாவது போக வேண்டும். அதற்காக ஃபேக்டரியின் மேல்மாடியில் நீளநீளமான தொட்டிகள் இருக்கும். தொட்டிக்குள் வலை, வலைமேல் கொழுந்து, அடியிலிருந்து பெரிய ஃபேன்கள் காற்றை ஊதும். மற்ற நாளில் அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராது. ஃபேன் நின்றுவிடும். அப்போது அந்த மாடி, ஒரு முனையில் இருமினால் மறு முனையிலிருந்து யாரோ பதிலுக்கு இருமுகிற இடமாகிவிடும்.

வாட்ச்மேன் மகனுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பாவிடம் சாவி வாங்கிக்கொண்டு அக்காவை அங்கே கூட்டிப்போனான் பாலகுமார். இரண்டு மைக் வைத்தான். ஒன்று அவள் வாயருகே. இன்னொன்று எதிர்க்கோடி ஜன்னலருகே. பக்கத்து மைக் குரலைப் பிடிக்கும். தூரத்து மைக் அந்தக் குரல் சுவரெல்லாம் முட்டித் திரும்பி வருவதைப் பிடிக்கும். இரண்டும் தனித்தனிப் பதிவாகக் கம்ப்யூட்டரில் சேரும். தாளம் தப்பாமலிருக்க அவள் காதில் 'டக் டக்' என்று ஒரு ஒலி ஓடிக்கொண்டேயிருந்தது.

கடைசி வரியைப் பாடியபோது ஜன்னல் பக்கமிருந்து யாரோ கூடவே பாடுவதுபோல் அவளுக்கு இருந்தது. அம்மா போனபின் அந்த வீட்டில் அவள் சத்தம் போட்டுப் பேசியதே குறைவு. பதில் வந்தது அதைவிடக் குறைவு. அந்தக் குரல் நின்றுவிடக் கூடாது என்றே 'னே'யை இழுத்தாள். இழுக்க இழுக்க அதுவும் நிற்காமல் வந்தது.

பாட்டுலகில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் வேறொருவர் பாடிவைப்பார். அதைக் கேட்டுப் பெரியவர் கற்றுக்கொண்டு பாடியதும், முதல் குரலை எடுத்துவிடுவார்கள். தையல்காரர் முதலில் போடுகிற ஓட்டுத்தையல் மாதிரி. மிஷின் தையல் விழுந்ததும் அந்த நூலை உருவிப் போட்டுவிடுவார். இந்துமதியின் குரலையும் அப்படித்தான் உருவினார்கள்.

ஆனால் உருவினது பக்கத்து மைக்கை மட்டும். தூரத்து மைக்கின் பதிவுக்குப் பாலகுமார் 'மாடி' என்று பெயர் வைத்திருந்தான். எல்லாப் பதிவையும் ஒன்றாகக் கலந்துகொடுக்கும் சென்னை இன்ஜினியர் அதை ஏதோ எதிரொலிச் சத்தம் என்று எண்ணி, அப்படியே விட்டுவிட்டார். லோயிஸ் சுருதியை ஏற்றியோ இறக்கியோ பாடியிருந்தால் இரண்டும் மோதி, குட்டு அப்போதே வெளிப்பட்டிருக்கும். அவள் அதே சுருதியில், அதே 'டக் டக்'குக்குப் பாடினாள். ஆகவே பாட்டு முழுக்க முன்னால் ஒருத்தி பாடினாள். எதிரொலியாக இன்னொருத்தி வந்தாள். வார்த்தைகள் ஒன்றாக விழுந்ததால் யாருக்கும் தெரியவில்லை, அந்த ஒரு 'னே'யைத் தவிர.

ஃபேக்டரியில் டீ இடைவேளைக்கு மணி அடித்தபோது பேக்கிங் பிரிவிலிருந்து பர்சானா படியேறி ஓடிவந்தாள். மஞ்சூர் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். ஃபேக்டரியில் இந்துமதியை 'அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா! கமென்ட்டப் பாத்தீங்களா? எல்லாரும் அந்தக் கடைசி எடத்தத்தான் கேக்கறாங்க. 'பின்னாடி பாடறது யாரு', 'அந்த இடத்துல உடம்பு சிலிர்த்துருச்சு'. ஒருத்தன் பேய்ங்கறான்!"

"பேயா?"

"ஆமாக்கா. நான் சும்மா விடுவேனா? 'பேயில்ல, எங்க ஃபேக்டரி இந்துமதி அக்கா, பிக்கட்டி'ன்னு போட்டுட்டேன்."

"எதுக்கு பர்சானா அதெல்லாம்? தம்பிக்குத் தொந்தரவாகப்போகுது."

"உங்க தொண்டை, உங்க பேரு. இதுல தம்பிக்கு என்னக்கா தொந்தரவு?"

இந்துமதி கொழுந்தைக் கைகளால் கிளறிவிட்டாள். காலையிலிருந்து தம்பிக்கு அவள் போன் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் எடுக்கவில்லை.

மத்தியானம் அவனே கூப்பிட்டான். ஃபேன் சத்தம் கேட்காத படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, சாப்பிட்டியா?"

"பாட்டு கேட்டேன் பாலு."



"கடைசி நிமிஷத்துல கம்பெனி மாத்திட்டாங்கக்கா. தெரிஞ்ச குரல் வேணுமாம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்ப வேற ஒரு பிரச்சினை. அந்த மாடி ட்ராக் உள்ளயே இருந்துருச்சு."

"கேட்டேன்."

"லோயிஸ் மேடம் ரொம்பக் கோவமா இருக்காங்க. 'என் பாட்டுல இன்னொருத்தி எப்படி வந்தா'ன்னு. வேற யார் பேரும் போடக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா ஜனங்களுக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு. அதனால ஒரு வழி சொல்றேன். உன் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பறேன். அதுல உன் நம்பரப் போட்டா ஓ.டி.பி. வரும். அத எனக்குச் சொல்லிரு, அதுவே நீ கையெழுத்துப் போட்ட மாதிரி. உன் குரல் அப்படியே பாட்டுல இருக்கும்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. சட்ட பாஷை. நீ குடுத்தது பின்னணி ஓசை, அதுல உனக்கு உரிமை எதுவுமில்ல, பேரும் வேண்டாம்னு."

"ஓசையா?"

"அப்படித்தான் எழுதுவாங்க."

"இங்க ஃபேன் ஓடுதே, அந்த மாதிரி ஓசையா?"

"அக்கா, நீயும் இப்படிப் பேசாதே. நான் எவ்வளவு கஷ்டப்பட்டு இந்த இடத்துக்கு வந்திருக்கேன் தெரியுமா? நீ ஓ.டி.பி. தரலேன்னா வீடியோவ எடுத்துட்டு, அந்தக் குரலச் சுத்தமா துடைச்சிட்டுப் புதுசா போட்டுருவாங்க. அப்புறம் நீ எங்கயுமே இருக்க மாட்ட."

லிங்க் வந்தது. எண்ணைப் போட்டாள். ஓ.டி.பி.யும் வந்தது.

சொல்லிவிட்டால் குரல் இருக்கும். யாருடையது என்று யாரும் கேட்கவே முடியாது. சொல்லாவிட்டால் குரலே இல்லை. மேலே மாடியில் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். டிபன் டப்பாவில் சோறு ஆறிக் கெட்டிப்பட்டிருந்தது. சின்ன வயதில் தம்பி பள்ளிக்கூட மேடையில் பாட்டை மறந்துபோய் நின்றபோது, கூட்டத்திலிருந்து அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தது அவள்தான். அப்போதும் கைதட்டல் அவனுக்குத்தான். அன்றைக்கு அது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன் மறுபடி அடித்தது.

"வந்துச்சாக்கா? சொல்லு."

"சொல்லலடா."

"ஏன்க்கா?"

"நான் ஓசை இல்ல பாலு."

"அக்கா, யோசிச்சுப் பேசு. எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும்."

அவள்தான் முதலில் வைத்தாள். தம்பி பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. மேலே போய்க் கொழுந்தைக் கிளறினாள். காற்று அடியிலிருந்து ஊதிக்கொண்டே இருந்தது. உள்ளங்கையில் இலைகள் சில்லென்று துவண்டன.

சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் பர்சானா மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஓடிவரவில்லை.

"அக்கா, வீடியோவக் காணோம். புதுசா வேற ஒண்ணு போட்டிருக்காங்க. என் கமென்ட்டும் போச்சு, எல்லாரோடதும் போச்சு."

அது அப்படித்தான். ஒருமுறை ஏற்றிய வீடியோவுக்குள் பாட்டின் ஒரு பகுதியை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை. மொத்தமாக இறக்கிவிட்டு, வேறொன்றை ஏற்ற வேண்டும். இறக்கும்போது அதன் கீழே சனங்கள் எழுதியதெல்லாம் சேர்ந்தே போய்விடும். காலையிலிருந்து 'யார் அது' என்று கேட்டவர்கள் யாரும் எதையும் கேட்காதவர்களாகிவிட்டார்கள்.

பஸ்ஸில் இந்துமதி புதுப் பாட்டைப் போட்டாள். லோயிஸ் 'வந்திருப்பேனே' என்று முடித்தாள். மெஷின் செய்த எதிரொலி அந்த 'னே'யை நாலு சின்னத் துண்டாக அழகாக வெட்டி, ஒன்றைவிட ஒன்று சன்னமாக அடுக்கி நிறுத்தியது. அவ்வளவுதான். பின்னால் யாரும் நிற்கவில்லை. கிட்டார் முடிந்து பாட்டு ஓய்ந்தபோது பஸ்ஸின் இன்ஜின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

வீட்டில் ராஜரத்தினம் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கம்பளிக் கோட்டு, டார்ச், கம்பு. இருவரும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவர் வரும்போது மற்றவர் போகிற வாழ்க்கை அவர்களுடையது. அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் வாசலில் நின்று செருப்பை மாட்டினார். போகவில்லை.

"புள்ள."

"என்னப்பா?"

"பகல்ல தூக்கம் வரல. ஆறுக்குட்டி கடையில போயிக் குந்திக்கிட்டு அந்தப் பாட்டையே போடச் சொல்லிக் கேட்டேன். காலையில பின்னுக்கு ஒரு கொரல் இருந்துச்சு. அந்திக்குப் போட்டா அது இல்ல. எங்க போச்சு?"

இந்துமதி அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அது யாருன்னு தெரிஞ்சுதாப்பா?"

"தெரியாம? நீ கோச்சுக்கிட்டாலும் அப்புடித்தான் இழுப்ப." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "காலையில நான் எந்திரிச்சுப் போயிருக்கப்படாது."

பிறகு டார்ச்சைத் தட்டி எரியவிட்டு, பனிக்குள் இறங்கி நடந்தார். வெளிச்சம் ரோட்டு வளைவு வரை ஆடிக்கொண்டு போனது.

தண்ணீர் கொதிக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வணக்கங்க. இந்துமதிங்களா? நான் லோயிஸ் பேசறேன். சென்னையிலிருந்து."

அடுப்பை அணைத்தாள். காலையிலிருந்து கேட்ட அதே வழுக்குகிற குரல். பேசும்போது கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

"பர்சானான்னு ஒருத்தங்க வீடியோவுல உங்க பேரப் போட்டிருந்தாங்க. வீடியோவ எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். அவங்களுக்கு மெசேஜ் பண்ணி நம்பர் வாங்கினேன். தப்பா நினைக்காதீங்க."

"மேடம், நான் கையெழுத்துப் போடலீங்க. எடுக்கச் சொல்லிட்டேன். அப்புறமும் கோவமா இருக்கீங்களா?"

"கோவமா? எதுக்குங்க?"

"உங்க பாட்டுல நான் இருக்கக் கூடாதுன்னு நீங்க..."

"யாருங்க சொன்னது?" லோயிஸ் குரலை உயர்த்தினாள். "நான் காலையில கம்பெனிக்குப் போன் பண்ணினதே, அந்தக் குரலுக்குப் பேர் போடுங்கன்னு சொல்லத்தான். பாட்டுலயே அந்த இடம்தான் எனக்குப் பிடிச்சது. பாலகுமார் என்ன சொன்னார் தெரியுமா? அது அவர் குரல்தானாம், மெஷின்ல பொண்ணு குரலா மாத்தினாராம். கம்பெனியும் நம்பிட்டாங்க. மத்தியானத்துக்கு மேல பாத்தா அதையே தூக்கிட்டாங்க. எடுங்கன்னு கேட்டதும் அவரேதானாம்."

இந்துமதி சுவரில் சாய்ந்தாள். சுவர் ஈரமாக, சில்லென்று இருந்தது.

கோபித்துக்கொண்டது லோயிஸ் இல்லை. அந்தக் குரலை எடுக்கச் சொன்னது கம்பெனியும் இல்லை. அந்த மாடியில் அவள் பாடும்போது எதிரே உட்கார்ந்து, கையைத் தூக்கி 'இழு, இன்னும் இழு' என்று சைகை காட்டினவனே அவளைத் துடைத்திருக்கிறான்.

"இருக்கீங்களா?" என்றாள் லோயிஸ். "உங்களச் சங்கடப்படுத்தணும்னு கேக்கல. நாளைக்குக் காலையில கம்பெனியில என்னை வரச் சொல்லியிருக்காங்க. நீங்க சொல்றதத்தான் நான் அங்க சொல்வேன். நீங்க 'இல்லை'ன்னாலும் சரி, இதோட விட்டுடறேன். அங்க பாடினது யாருங்க?"

'இல்லை' என்றால் தம்பி பிழைப்பான். 'நான்' என்றால் அவன் பொய்யன். அதுவும் முதல் பாட்டிலேயே. அவளுக்கென்று மிச்சமிருக்கும் சொந்தம், அந்தப் பனிக்குள் டார்ச்சோடு போன கிழவரும் அவனும்தான். அவர் இன்றைக்கு அவளைத் தேடி நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். அவன்?

"நான்தாங்க பாடினது" என்றாள். வெறும் வீட்டில் அந்தச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "இந்துமதி. ராஜரத்தினம் பொண்ணு. எங்க ஃபேக்டரி மாடியில."

மறுமுனையில் லோயிஸ் நீளமாக மூச்சுவிட்டாள்.

"தெரியும்ங்க. நீங்க வாயால சொல்லணும்னுதான் கேட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணும் கேட்கணும். கத்துக்கறதுக்கு எனக்கு அனுப்பின உங்க பதிவுல, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க பேசறது இருக்கு. 'நேத்து இந்த எடத்துல வேற மாதிரி போட்டேன்டா, இது நல்லா இருக்கா பாரு'ன்னு அவர்கிட்ட கேக்கறீங்க. மெட்டுன்னு அவர் பேரத்தான் போட்டிருக்காங்க. அந்த மெட்டு யாரோடதுங்க?"

இந்துமதி வாய் திறப்பதற்குள் போன் காதருகே அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். இன்னொரு அழைப்பு. காலையில் அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காதவன் இப்போது கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

'தம்பி' என்று ஒளிர்ந்த எழுத்தைப் பார்த்தபடியே அவள் போனை மறுபடி காதில் வைத்தாள். அதிர்வு கன்னத்தில் தெரிந்தது.

"சொல்றனுங்க" என்றாள் லோயிஸிடம். "கொஞ்சம் இருங்க. அது அடங்கட்டும்."